சட்டைப்பையில் இருந்த சீட்டு

அன்புள்ள கண்ணு,

உன் போஸ்டர் டிரான்ஸ்கானுக்குத் தேர்வான சேதியை உன் அப்பாதான் சொன்னார். வேகவைத்த பாக்கு களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து என் திண்ணைக்கு வந்து, மகள் பெரிய மாநாட்டுக்குப் போகிறாள் என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா அதைத் திருப்பி வாங்கிக்கலாமான்னு யோசிக்கிறா பெரியவரே" என்று குரலை இறக்கினார்.

காரணத்தை நீயே அன்று இரவு போனில் சொன்னாய். ஒன்பது மாதத்தில் உங்கள் ரத்த மையம் ஏற்காமல் திருப்பியனுப்பிய சாம்பிள்களின் கணக்கு உன் போஸ்டர். குழாயில் ஒரு பெயர், படிவத்தில் வேறு பெயர். ஐ.பி. எண் இல்லாதது. எடுத்தவர் கையெழுத்து இல்லாதது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, முன்பு பார்த்த குரூப் ஒன்றாகவும் இப்போது வந்த குரூப் வேறாகவும் இருந்தவை. "வீட்டுக் குப்பையை ஊர்ச் சந்தையில் கொட்டுவானேன், புதிதாக வாங்கிய மெஷினைப் பற்றி அழகாக ஒன்று போடு" என்று உன்னோடு இருக்கும் மூத்தவர் ஒருவர் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் உன் வயதில் இதே குழப்பத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

ஒரு ராத்திரியைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பிரசவ வார்டிலிருந்து அவசரமாக ரத்தம் கேட்டு ஒரு படிவமும் குழாயும் வந்தன. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குரூப் பார்த்தேன், ஏ பாசிட்டிவ். க்ராஸ் மேட்ச் போட்டேன், பொருந்தியது. இரண்டு பைகளை எடுத்து மேசைமேல் வைத்து எண்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, வாங்கிப்போக வந்திருந்த கணவர், "சார், போன பிரசவத்துல ஓன்னு சொன்னாங்களே" என்றார். மலைக்கிராமத்து மனிதர். கருமந்துறைப் பக்கத்திலிருந்து ஜீப்பிலும் பஸ்ஸிலுமாக வந்திருந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஞாபகம் தப்பியிருக்கும், மெஷினே சொல்லுது" என்றேன். மெஷின் எதுவும் சொல்லவில்லை. ஓட்டுத்தட்டில் நான் கையால் பார்த்ததுதான். எதிர்த்துப் பேசக்கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார், அதற்குப் பின்னாலிருந்து நாலாக மடித்து வேர்வையில் நைந்துபோன ஒரு சீட்டை எடுத்தார். முந்தைய பிரசவத்தின் சீட்டு. ஓ பாசிட்டிவ் என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. நானே கட்டிலருகில் நின்று புதிதாக ரத்தம் எடுத்தேன். ஓ தான். அந்த வார்டில் அன்றைக்கு ஒரே பெயரில் இரண்டு பெண்கள். நம் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரை வைப்பது உனக்குத் தெரியும்; ஒரு வார்டில் நாலு பேர் அதே பெயரில் இருந்தாலும் ஆச்சரியமில்லை, இனிஷியலும் பாதிப் பேருக்கு எழுதியிருக்காது. இருவரிடமும் ரத்தம் எடுத்துவிட்டு, நர்ஸ் மேசையில் உட்கார்ந்து இரண்டு குழாய்களுக்கும் சேர்த்துப் பெயர் ஒட்டியிருக்கிறார் ஒரு பயிற்சி டாக்டர். நாற்பது மணி நேரமாகத் தூங்காத பையன்.

க்ராஸ் மேட்ச் ஏன் பிடிக்கவில்லை என்று வெளியாள் கேட்பார்கள். அது பொய் சொல்லவில்லை. குழாயில் இருந்த ரத்தத்துக்கு அந்தப் பை பொருந்தும், அவ்வளவுதான். குழாயே அடுத்த கட்டில்காரியுடையது என்பதை எந்த வினைப்பொருளாலும் சொல்ல முடியாது. 1901ல் லாண்ட்ஸ்டைனர் குரூப்புகளைப் பிரித்துக் காட்டினார், 1945ல் கூம்ஸும் அவர் கூட்டாளிகளும் கண்ணுக்குப் படாத எதிர்ப்பொருளையும் பிடிக்கும் சோதனையைக் கொடுத்தார்கள். ஆனால் யாருடைய கையிலிருந்து எடுத்தது என்ற கேள்வி இன்றும் கட்டிலருகில்தான் தீர்கிறது. ஓ ரத்தக்காரியின் உடம்பில் ஏ அணுக்களுக்கு எதிரானது முன்கூட்டியே தயாராக இருக்கிறது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் அணுக்கள் உடையும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், சிறுநீரகம் படுக்கும், ரத்தம் உறையாமல் போகும். ஏற்கெனவே ரத்தப்போக்கில் இருப்பவளுக்கு அதை யாரும் அடையாளம்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கு என்று எழுதியிருப்பார்கள்.

அவள் பிழைத்தாள். ஓ ரத்தம் போனது, விடிவதற்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நான் அன்று செய்த தப்பு கவனக்குறைவு அல்ல, கண்ணு. காலையில் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் தப்பு. ஏ பைகள் இரண்டையும் பிரிட்ஜில் திரும்ப வைத்தேன். அந்தப் பையனிடம் தனியாகக் கத்தினேன். அதோடு முடித்துக்கொண்டேன். அவன் வேறு ஊருக்குப் போனான். நர்ஸ் மேசையில் குழாய் ஒட்டும் பழக்கம் அங்கேயே இருந்தது.

சில வருடம் கழித்து ஒரு மாநாட்டுக்குப் போனேன். ரத்தம் செலுத்துதல், எதிர்ப்பாற்றல் ரத்தவியல் என்று நீளமான பெயர் கொண்ட நம் இந்தியச் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம், அதைத்தான் டிரான்ஸ்கான் என்கிறோம். இந்தச் சங்கம் 1975லிருந்து கொண்டாடிவரும் அக்டோபர் 1, தன்னார்வ ரத்ததான நாள், டாக்டர் ஜே. ஜி. ஜாலியின் பிறந்த நாள் என்பது பரீட்சைக்குப் படித்திருப்பாய். பெரிய ஹாலில் ஸ்டெம் செல் பற்றிப் பேச்சு, நிற்க இடமில்லை. சின்ன ஹாலில் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், இருபது பேர், பாதி உறக்கம். வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு மூத்த அம்மா தன் ஆஸ்பத்திரியில் நடந்த பிழைகளை வரிசையாகச் சொன்னார். எத்தனை, எந்த ஷிப்ட், எந்தப் படியில் தவறியது, எப்படித் தெரிந்தது. அலங்காரம் இல்லை, அழுகையும் இல்லை. அதில் ஒன்று அச்சு அசலாக என் ராத்திரி.

டீ இடைவேளையில் போய் என் கதையை அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "எழுதி வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் இடத்தில் ஒரு விதி வந்தது: முதல்முறை வரும் நோயாளி என்றால், வேறொரு நேரத்தில் எடுத்த இரண்டாவது சாம்பிள் இல்லாமல் குரூப்புக்கான பை வெளியே போகாது. அவசரம் தாங்காது என்றால் ஓ அணுக்கள் மட்டும். வார்டுக்காரர்கள் என்னைத் திட்டாத நாள் இல்லை. பிரிட்டனில் 1996லிருந்து ரத்தம் ஏற்றுவதில் வரும் விபரீதங்களைத் தேசிய அளவில் திரட்டுகிறார்கள். வருடா வருடம் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: பெரும்பகுதி கிருமியால் வருவதில்லை, மனிதக் கைத்தவறால் வருகிறது. நம் நாட்டில் 2012 டிசம்பர் 10 அன்று ரத்தக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. படிவம் இருக்கிறது, நிரப்பத்தான் கை நடுங்குகிறது. உன் போஸ்டரில் இருப்பது நடந்த விபரீதம்கூட இல்லை, நடப்பதற்கு முன் நீ வாசலில் நிறுத்தியவை. அதைக் குப்பை என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

மறைப்பதைப் பற்றி இன்னொன்று. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். அது எப்படித் தெரியவந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானே ஓடிவந்து சொன்னார். 2016ல் அவர் கொடுத்தபோதே தொற்று தெரிந்தும் அவருக்குச் சேதி சேரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்த இளைஞர் பிறகு உயிரோடு இல்லை. நிறுவனங்கள் வாயை மூடிக்கொண்ட இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் வாயைத் திறந்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் பதிவேட்டின் வெற்று வரி ஞாபகம் வரும்.

உபதேசம் போதும். போன இடத்தில் என்ன செய்வது என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன்.

ஸ்டால்களுக்குப் போ. பை கொடுப்பார்கள், பேனா கொடுப்பார்கள், வாங்கிக்கொள். ஆனால் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரே கேள்வி கேள்: கரண்ட் போனால் என்ன ஆகும்? பதில் சொல்லும் வேகத்தை வைத்தே அது நம் ஊருக்கு ஆகுமா என்று தெரிந்துவிடும். சிவப்பணுப் பைக்கு 2 முதல் 6 டிகிரி, தட்டணுவுக்கு 20 முதல் 24 டிகிரியில் ஓயாத ஆட்டம், ஐந்தே நாள் ஆயுள். நம் பக்கத்தில் கோடை மின்வெட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வராது.

ஒரு ஸ்டாலில் விரல் உயரக் குப்பி இருக்கும், ஏ1 லெக்டின். ஏ குரூப்பில் ஏ1, ஏ2 என்று பிரிக்க வைத்திருக்கிறோமே, அதுதான். விலையைக் கேட்டுவிட்டு உள்ளே என்ன என்று கேள். கொள்ளு! நம் மானாவாரி மேட்டில் கார்த்திகையில் பச்சைப் பாயாகப் படர்ந்து கிடக்குமே, மாட்டுக்கு வேகவைத்துப் போடுவோமே, அதே கொள்ளு. கொள்ளு விதைச் சாறு ஏ அணுக்களைத் திரட்டுகிறது என்பதை ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் 1951ல் கண்டு, பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். எச் பொருளைப் பார்க்கப் பயன்படும் இன்னொரு லெக்டின், ஊட்டியில் களையாகப் பரவி வனத்துறையைப் படுத்துகிற அந்த மஞ்சள் பூ முட்செடியின் விதையிலிருந்து வருகிறது. 1952ல் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் பம்பாயில் கண்ட அபூர்வ ரத்தத்தில் இல்லாதது இந்த எச் பொருள்தான். அப்படிப்பட்டவர் ஓ குரூப் வேடத்தில் வருவார். ரிவர்ஸ் குரூப்பிங்கில் ஓ அணுக்களையும் சேர்த்துப் போடாவிட்டால் ஏமாந்துபோவாய். இவை எனக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் மனத்தில் ஒட்டவில்லை, மாநாட்டு நடைபாதையில் ஒரு மதுரைக்காரர் சொன்னபோது ஒட்டியது. நடைபாதைகளில் நில். நிறையக் கிடைக்கும்.

தட்டணு பற்றிய அமர்வைத் தவறவிடாதே. டெங்கு காலத்தில் வாழப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் எண்ணிக்கைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு உறவினர்கள் வந்து நிற்பார்கள், ராத்திரியோடு ராத்திரி ஏற்றியாக வேண்டும் என்பார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017ல் லான்செட்டில் வந்தது. ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் ஏற்றுவதால் கசிவு குறையவில்லை. இதை அந்த உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று எந்த அமர்விலும் சொல்லித்தர மாட்டார்கள். அதை உங்கள் வார்டு சிஸ்டர்களிடம் கற்றுக்கொள். அவசியமில்லாத பையை மறுப்பதும் நம் தொழில்தான். 1999ல் வந்த கனடா ஆய்வு, தீவிர சிகிச்சையில் ஹீமோகுளோபின் 7 வரை பொறுத்துப் பார்த்தாலும் கேடில்லை என்று காட்டிய பிறகும், 10க்குக் கீழே போனால் ஒரு பை என்று எழுதும் கைகள் இன்னும் இருக்கின்றன.

போஸ்டர் அருகில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் வந்தால் அதிகம். அவர்களில் ஒருவர் கண்டிப்பாக, "உங்கள் இடத்தில் இவ்வளவு தப்பா?" என்பார். "உங்கள் இடத்தில் எவ்வளவு?" என்று பணிவாகக் கேள். எண்ணியதே இல்லை என்ற பதில் அவர் முகத்தில் வரும். இன்னொருவர் எதுவும் பேசாமல் ரொம்ப நேரம் படித்துவிட்டு, டீ குடிக்கலாமா என்பார். அவரோடு போ. அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதே.

பதிவுக் கட்டணம் பற்றிக் கவலைப்படாதே என்று உன் அப்பா சொல்லச் சொன்னார். போஸ்டரைச் சுருட்டி வைக்க மண்டியில் கிடந்த பிவிசி குழாயை உன் உயரத்துக்கு அறுத்து வைத்திருக்கிறார். ஒரு முனைக்கு மூடி கிடைத்தது, மறுமுனைக்குக் கிடைக்கவில்லை என்று பாக்கு மட்டையை வட்டமாக வெட்டி அடைத்து, சணல் கட்டியிருக்கிறார். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் நீயே சமாளித்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா
வாழப்பாடி