கருவேலத்தின் பெயரை யாரும் திருடவில்லை

"அகேசியா என்ற பெயரைக் கருவேலத்திடமிருந்து ஆஸ்திரேலியாக்காரர்கள் ஓட்டுப்போட்டுப் பறித்துக்கொண்டார்கள், மரபணு ஆய்வெல்லாம் சாக்கு." தாவரவியல் படித்தவர்களே இப்படிச் சொல்லித் திரிகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அகேசியா பேரினத்தைப் பிரித்தது ஓட்டு அல்ல. பசுங்கணிகத்து மரபணுக்களை ஒப்பிட்டபோது, 1300-க்கும் மேற்பட்ட இனங்களை அடைத்து வைத்திருந்த பழைய அகேசியா ஒரே கிளையாக நிற்கவில்லை. ஆஸ்திரேலிய மரங்கள் கருவேலத்தைவிட வாகைக்கும் தூங்குமூஞ்சிக்குமே நெருக்கம். சித்தப்பா பிள்ளையை விட்டுவிட்டுத் தூரத்துச் சொந்தத்தை ரேஷன் அட்டையில் சேர்த்த கதைதான் பழைய வகைப்பாடு.

மரபணுவை நம்பாவிட்டால் கண்ணால் பாருங்கள். கருவேலங்கிளையில் இலைக்காம்பின் அடியில் ஜோடியாக இரண்டு நேர் முட்கள். சீயக்காய்க் கொடியில் கொக்கி முட்கள், தண்டெல்லாம் சிதறி. கத்திச் சவுக்கில் முள்ளே கிடையாது. இலை என்று நாம் நினைப்பது தட்டையாக விரிந்த காம்பு. இவை மூன்றும் இன்று முறையே வச்செலியா, செனகாலியா, அகேசியா.

ஓட்டு நடந்தது பெயர் யாருக்கு என்பதற்கு மட்டும். விதிப்படி அது கருவேலத்துக்கே போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1000 இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டிவருமே என்று விதிவிலக்கு கேட்டார்கள். குழுவும் அதைப் பரிந்துரைத்தது. 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் எதிர்த்தவர்களே அதிகம். ஆனாலும் பரிந்துரையைக் கவிழ்க்கத் தேவையான 60 சதவீதம் தேறவில்லை. 2011-இல் மெல்போர்ன் மாநாட்டில் அந்த விதிவிலக்கு உறுதியானது. அந்த நடைமுறையைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். மரபணுவை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?

வச்செலியா நேற்று முளைத்த பெயர் என்பதும் பொய். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட்டும் தாவரவியலாளர் ஆர்னட்டும் கஸ்தூரி வேலுக்காக 1834-இலேயே வைத்தது.

இன்னொரு கதை: சீமைக் கருவேலம் கருவேலத்தின் தம்பியாம்! இல்லை. அது வன்னியோடு புரோசோபிஸ் பேரினத்தில் இருந்தது. 2022-இல் அந்தப் பேரினத்தையும் பிரித்து, சீமைக் கருவேலத்தை நெல்டுமாவில் சேர்த்துவிட்டார்கள். வன்னி பழைய பெயரிலேயே இருக்கிறது.

மரபணு வந்தபின் உலர்தாவரத் தாள்கள் குப்பை என்று நினைக்கும் கல்லூரிகளுக்கு ஒன்று: டிஎன்ஏ எடுப்பதே பல நேரம் அந்தத் தாள்களிலிருந்துதான். அலமாரியைச் செல்லரிக்க விடாதீர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு மாணவர்களை ஒருமுறையாவது அழைத்துப் போங்கள்.