நாமக்கல் கல்லும் நிலா மண்ணும்



ஆண்டு மலர் என்றால் கவிதை, கடி ஜோக் எல்லாம் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு பாடம் எழுதுகிறேன். பரீட்சைக்கு வராத பாடம், பயப்படாமல் படிக்கலாம்.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாட்டியாகத் தெரிகிற கறுப்புத் திட்டு, பழைய எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பசால்ட் பாறை. சுற்றிலும் வெள்ளையாகத் தெரிகிற மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தசைட் என்ற பாறை. 450 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலா முழுக்க உருகிய குழம்பாக இருந்ததாம். அது ஆறும்போது கனமான தாதுக்கள் அடியில் போய்விட்டன. கால்சியமும் அலுமினியமும் கலந்த லேசான தாது மேலே மிதந்து ஓடாகிவிட்டது. பவுண்டரியில் உருகிய இரும்பின் மேல் கசடு மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். 1969ல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த சின்னச்சின்ன வெள்ளைத் துணுக்குகளை வைத்துத்தான் இந்தக் கருத்தே பிறந்தது.

பூமியில் இந்தப் பாறை சில இடங்களில்தான் உண்டு. அதில் ஒன்று நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. சுமார் 250 கோடி ஆண்டு வயசு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் இந்தக் கல்லை இஸ்ரோவுக்கு அடையாளம் காட்டினார்கள். டன் கணக்கில் வெட்டி, கிரஷரில் அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய் செயற்கை நிலாத்தரை அமைத்தார்கள். சந்திரயான்-2 ரோவரின் சக்கரம் ஓடிப் பழகியது அந்த மண்ணில்தான். நம்ம ஊர் ஜல்லி என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியுமா?

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியது. அதிலிருந்து இறங்கிய 26 கிலோ பிரக்யான் ரோவர், நூறு மீட்டர் அளவுக்கு ஓடி, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த கருவி அது. அதில் உள்ள கியூரியம் மண்ணின் மேல் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை எண்ணிப் பார்த்தால் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிடைத்த முடிவு, மிதந்து உறைந்த கதைக்குப் பொருந்தி வந்தது. 2024ல் நேச்சர் இதழில் கட்டுரையாக வெளியானது.

இலக்கியப் பிரியர்களுக்கும் ஒரு சேதி உண்டு. நிலாவில் நின்று பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்று 1593லேயே ஒரு மாணவர் ஆய்வுரை எழுதினார். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்த கெப்ளர்தான் அவர். அப்பா கூலிக்குப் போருக்குப் போனவர். பையன் படித்தது அரசு உதவித்தொகையில். அந்த ஆய்வுரையைப் பின்னாளில் கதையாக்கினார். ‘சோம்னியம்’ என்ற அந்தக் கதை, அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து 1634ல்தான் அச்சில் வந்தது.

சரி, இதெல்லாம் பெரிய படிப்புக்காரங்க வேலை, நமக்கு என்ன என்கிறீர்களா? சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் முதுகலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள், விண்கலத்துக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வைக் குறைப்பது. லேத் ஆடினால் ஜாப் கெட்டுப்போகும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். “ஏம்பா, இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?” என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்வி. தங்கச்சி பிளஸ் ஒன் போகிறாள். நான் விசாரித்து வைத்த கணக்கு இது: லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் மூன்று வருஷம். அதுவரை கையைக் கடிக்கும், மறைக்கவில்லை. கேட் தேர்வில் தேறி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதுகலை சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் படிப்பில் மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. எல்லாருக்கும் கிடைத்துவிடாது, போட்டி கடுமை. ஆனாலும் ஆராய்ச்சி என்பது சம்பளம் மாதிரி பணம் வருகிற வேலை என்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அப்பாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லேட்டரல் என்ட்ரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று மட்டும் கேட்டார்.