பழுது பார்ப்பதற்கும் படிப்பு வேண்டும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பழங்கட்டடங்களைக் காப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் ஆலயமே சான்று.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய கிரேக்கர்கள் பளிங்குப் பாளங்களை இரும்பால் பிணைத்து, அவ்விரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினர். ஈயம் நீரையும் காற்றையும் தடுத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயத்தைச் செப்பனிட்ட பலானோஸ் என்னும் பொறியாளர், ஈயக் காப்பின்றி இரும்பைப் பதித்தார். இரும்பு துருப்பிடித்தது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். எனவே கல் உள்ளிருந்தே பிளந்தது. 1975-இல் அமைந்த வல்லுநர் குழுவின் மேற்பார்வையில் அவ்விரும்பு அகற்றப்பட்டு, டைட்டானியம் பொருத்தப்பட்டது.

இத்தகைய பிழைகள் நேராதிருக்கவே பட்டமேற்படிப்புப் பயிற்சிகள் உள்ளன. ரோம் நகரில் 1959 முதல் இயங்கிவரும் இக்ரோம் என்ற பன்னாட்டு மையம் பல நாட்டவர்க்கும் பயிற்சி தருகிறது. புதுதில்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி கட்டடக்கலைஞர்களுக்கு முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இத்துறையின் அடிப்படைப் பாடம்: புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆயினும் புதியது என்று தெரியவும் வேண்டும்.

இதில் வேதியியலுக்கு என்ன வேலை எனலாம். இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு டேராடூனில் உள்ளது. கல்லையும் ஓவியத்தையும் தூய்மை செய்து காப்பவர்கள் அப்பிரிவின் வேதியியலாரே.

என் தந்தை கொத்தனார். சுண்ணாம்புச் சாந்தின் பக்குவத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். அச்சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுவதை நான் இக்கல்லூரியில்தான் படித்தேன். அவர் அறிந்ததும் நான் படித்ததும் ஒன்றுசேரும் துறை இது. நண்பர்களே, பட்டம் பெற்றபின் இதனையும் எண்ணிப் பாருங்கள்.