இணைத்த இரத்தக் குழாயின் மீள்சக்தி

தீப்பெட்டித் தொழிற்சாலையாற் பெயர்பெற்ற விம்கோ நகரையும், அதனைச் சூழ்ந்த திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளையும் அறிந்தோர்க்கு, இயந்திரங்களின் நடுவே கையால் உழைத்துப் பிழைப்போர் எத்துணையர் என்பது தெரிந்ததே. அவருள் ஒருவருக்கு விரல் துண்டிக்கப்படின், இழப்பது விரல் மட்டுமன்று. குடும்பத்தின் சோறும் ஆகும். இப்பகுதிக்குத் தெற்கே, இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கைச் சிகிச்சைத் துறை நாடெங்கும் பெயர்பெற்றது. துண்டித்த விரலைப் பொருத்துங்கால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமேயுள்ள இரத்தக் குழாய்களையும் தைத்தல் வேண்டும். அத்தையல் ஒழுகாதிருந்தாற் போதுமா? போதாது; நாடித் துடிப்போடு இசைந்து விரிந்து சுருங்கவும் வேண்டும். அவ்விசைவை அளக்கும் முறையையே ஈண்டு ஆராய்வோம்.

குழாயைத் தைக்கும் வகையை 1902-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிரான்சு தேசத்து அலெக்ஸிஸ் காரெல். வட்டமான வாயை மூன்று நூல்களால் இழுத்து முக்கோணமாக்கித் தைத்தலே அவர் கண்ட உபாயம். 1912-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1965-இல் ஜப்பானில் கொமாட்சு, டாமாய் என்னும் இருவர், முற்றும் அறுபட்ட பெருவிரலை உருப்பெருக்கியின் துணையால் பொருத்தினர்.

தமனியின் சுவரில் இருவகை நார்கள் உள. எலாஸ்டின் எளிதில் நீளும். கொல்லாஜன் எளிதில் நீளாது. அமுக்கம் குறைந்தபோது முன்னதும், மிகுந்தபோது பின்னதும் பாரத்தைப் பெரிதும் தாங்கும். ஆதலின் எவ்வமுக்கத்தில் அளந்தோம் என்று கூறாது மீள்சக்தியைக் கூறுதல் பயனற்றது.

அளக்கும் முறையாவது: வெட்டியெடுத்த குழாய் நீளத்தில் சுருங்குமாதலின், முதலில் உடலிலிருந்த நீளத்திற்கு இழுத்து, இரு முனைகளையும் சிறு குழல்களிற் கட்டுக. 37 பாகை வெப்பமுள்ள உப்புநீரில் அமிழ்த்தி, பன்முறை அமுக்கம் ஏற்றி இறக்குக. முதற் சில அளவுகள் நிலையாயிரா. பின்னர் 80, 120 மில்லிமீட்டர் பாதரச அமுக்கங்களில் விட்டத்தைக் குறிக்க. தையலில்லாத இடத்தில் விட்டம் 4.00 மி.மீ.-இலிருந்து 4.20 ஆயிற்று எனக் கொள்வோம். விரிவு நூற்றுக்கு 5. தையலிடத்தில் 4.00, 4.04 ஆயின், விரிவு நூற்றுக்கு 1. இவ்வேற்றுமையே நாம் தேடியது.

இதன் காரணம் அறிய, சைக்கிள் ட்யூபின்மேல் நூலொன்றை இறுகச் சுற்றிக் காற்றடித்துப் பார்க்க. பிற இடம் பருக்கும். நூலிருக்கும் இடம் பருக்காது. நீள ஓடும் ஒரே நூலால் தைத்தால் அது குழாயை இத்தகைய வளையமாய்ப் பிணிக்கும். தனித்தனி முடிச்சுகளாயின் அவற்றினிடையே சுவர் சற்று விரியும். தையலுக்குச் சில மில்லிமீட்டர் அப்பால், இயல்பினும் மிகுதியாக விரியும் பகுதியொன்றும் உண்டென ஆராய்ந்தோர் கண்டுள்ளனர்.

விளைவு யாது? துடிப்பின் அலையில் ஒரு பகுதி தையலில் மோதித் திரும்பும், ஓட்டம் குலையும். உட்சுவர் மாதக்கணக்கில் தடித்து வழி குறுகுதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. விரலில் முதல் அபாயம் சில நாட்களுக்குள் இரத்தம் உறைதலே. காலின் தமனிக்கு மாற்றாகச் செயற்கைக் குழாய் வைக்குமிடத்தே மீள்சக்தியின் வேற்றுமை பெரிதும் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது அடைபடுதலும் உண்டு. நோயாளியின் சொந்தச் சிரை அதனினும் நன்றாக உழைத்தற்கு அதன் நெகிழ்வும் ஒரு காரணமாகும்.

பௌதிக வகுப்பில் கம்பியில் எடை தொங்கவிட்டு நீட்சியை அளக்கும் மாணவர், அப்பயிற்சியை வீண் என்று எண்ணற்க. அதே அளவையே ஒரு தொழிலாளியின் கைக்கும் காலுக்கும் துணை நிற்கின்றது.