தேதி ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு

ஒரே புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில் சோதனையில் தேறும், இன்னொன்றில் தோற்கும். இந்தத் தகராறை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். புரோகிராமைக் குடைவதற்கு முன் நான் பார்ப்பது விண்டோஸின் தேதி அமைப்பைத்தான்.

நீங்களும் சோதிக்கலாம். எக்ஸெலில் ஒரு செல்லில் 05/04/2024 என்றும், அதன் கீழே 13/04/2024 என்றும் டைப் செய்யுங்கள். இரண்டும் வலது ஓரம் நின்றால் கவலையில்லை. இரண்டாவது மட்டும் இடது ஓரம் ஒட்டிக்கொண்டால் உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருக்கிறது. 13-வது மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது.

அது கண்ணில் பட்டுவிடும். முதல் செல்தான் ஆபத்து. ஏப்ரல் 5 சத்தமில்லாமல் மே 4 ஆகியிருக்கும். இன்சூரன்ஸ் தவணைப் பட்டியல் என்றால் என்ன ஆகும்?

எக்ஸெலை மூடுங்கள். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் திறந்து, ஃபார்மட்ஸ் பகுதியில் இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

பழைய ஃபைல் இதனால் திருந்தாது. எக்ஸெல் தேதியை எண்ணாகவே சேமிக்கிறது: 2024 ஏப்ரல் 5 என்றால் 45387, மே 4 என்றால் 45416. அமைப்பை மாற்றினாலும் அந்த எண் மாறாது. தவறான தேதிகளை மறுபடி டைப் செய்யத்தான் வேண்டும்.