ஊரின் நினைவைத் தொகுத்தவர்

நுழையும்முன்

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காத்துவருகின்றன. நாம் வாழும் தெருவின் வரலாற்றைக் காப்பவர் யார்? அவ்வினாவுக்கு விடையாகத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இராசகிரியையும் அதன் மதில்களையும் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. அக்கோட்டைக்கு அருகிலுள்ள மேல்மலையனூரை அங்காளம்மன் கோயிலாலும் மயானக் கொள்ளை விழாவாலும் தமிழகமே அறியும். ஆனால், அவ்வூரின் குளத்தை வெட்டியவர் யார், சந்தை எங்கே கூடியது, முதல் பள்ளி யாருடைய திண்ணையில் நடந்தது என்பனவற்றைக் காக்க எந்தத் துறையும் இல்லை. அவை முதியோரின் நினைவில் வாழ்ந்து, அவர்களோடே மறைகின்றன. எல்லா ஊர்களுக்கும் பொதுவான இக்குறையைச் சென்னையில் நீக்க முனைந்தவர் எஸ். முத்தையா.

சிவகங்கைச் சீமையின் பள்ளத்தூரில் 1930ஆம் ஆண்டு பிறந்த முத்தையா, இலங்கையில் வளர்ந்து, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றார். கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ இதழில் பணியாற்றியபின், 1968இல் சென்னைக்கு வந்து நிலப்படங்கள் வெளியிடும் நிறுவனமொன்றில் பொறுப்பேற்றார். அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். இப்பணியைச் செய்யுமாறு எவரும் அவரைப் பணிக்கவுமில்லை. புதிதாகக் குடிவந்த ஊரைத் தெருத்தெருவாக அறிந்துகொள்ள விரும்பிய ஆர்வமே 1981இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்னும் நூலாயிற்று. வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் ஊர் முழுமையாகத் தெரியும்போலும்!

1991இல் அவர் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்னும் இதழ், நகரின் பழைய கட்டடங்களுக்காகவும் நீர்நிலைகளுக்காகவும் வாதாடியது. 1999 முதல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் திங்கட்கிழமைதோறும் ஒரு பத்தி எழுதினார். அப்பத்தியின் சிறப்பு அவர் எழுதியவற்றில் மட்டும் இல்லை. வாசகர்கள் எழுதியவற்றிலும் இருந்தது. ஒரு வீட்டைப் பற்றி அவர் எழுதினால், அவ்வீட்டில் வாழ்ந்தவரின் பேரன் மடல் எழுதுவார். ஓர் ஆண்டைப் பிழையாகக் குறித்தால், வேறொருவர் சான்றுடன் திருத்துவார். அம்மடல்களை அவர் மறைக்கவில்லை. தம் பத்தியிலேயே அச்சிட்டார். இவ்வாறு ஒருவரது தேடல் பலரது தேடலாயிற்று. தம் குடும்பத்துப் பழைய ஒளிப்படமும் வரலாற்றுச் சான்றே என்பதை மக்கள் உணரத் தொடங்கினர்.

2004இல் நண்பர் இருவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய ‘மெட்ராஸ் நாள்’ இவ்வுணர்வை வீதிக்குக் கொண்டுவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னப்பட்டினக் கடற்கரை நிலம் வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்டு 22 அதற்குரிய நாள். அரசாணையோ பெரும் நிதியோ அதற்கு அடிப்படை இல்லை. விரும்பிய எவரும் தம் தெருவில் மரபுநடை நடத்தலாம். பள்ளியில் கண்காட்சி வைக்கலாம். வீட்டு முற்றத்தில் உரை நிகழ்த்தலாம். ஒரு நாளுக்கெனத் தொடங்கியது பின்னர் ஒரு வாரத்தையும் கடந்து நீண்டது.

அவர் வாதாடிய அனைத்தும் வெற்றி பெறவில்லை. கடற்கரைச் சாலையிலுள்ள காவல்துறைத் தலைமையகக் கட்டடம் இடிபடாமல் தப்பியது. இராசாசி சாலையின் பெண்டிங்க் கட்டடம் தப்பவில்லை; அவ்விடத்தில் இன்று சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது.

மெட்ராஸ் நாளுக்கு மறுப்புரைப்போரும் உண்டு. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்க, 1639ஐ நகரின் பிறந்தநாள் என்பது பொருந்துமா என்பது அவர்களது வினா. அது நியாயமானதே. முத்தையா எழுதியவை ஆங்கிலத்தில் அமைந்தமையால் அவர் போற்றிய நகரின் பெரும்பான்மை மக்களைச் சென்றடையவில்லை என்பதும் மறுக்க இயலாதது. ஆயினும், தம் ஊரின் வயது குறித்து மக்கள் பொதுவெளியில் வழக்காடும் நிலையை உருவாக்கியதே அவரது பணியின் பயன் எனலாம்.

பிரித்தானிய அரசு 2002இல் அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கியது. 2019 ஏப்ரலில் அவர் மறைந்தார். நான்கு திங்களுக்குப் பின் வந்த மெட்ராஸ் நாளில், வழக்கம்போல் விடியற்காலையிலேயே மக்கள் கூடி, தத்தம் பகுதித் தெருக்களில் நடந்தனர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரின் முதியோர் மூவரைச் சந்தித்து, ஒரே தெருவின் பெயர்க்காரணத்தைக் கேட்டு எழுதுக. அவர்கள் கூறுவனவற்றுள் வேறுபாடு இருப்பின், எதற்குச் சான்று உள்ளது என வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றின் பின்புறத்தில், அதிலுள்ளோர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறிந்து குறித்துவைக்க.