சரக்குடன் செல்ல வேண்டிய காகிதங்கள்

தாமலை ஒட்டிய சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுவதை நாள்தோறும் காண்கிறோம். நம் வட்டாரத் தறிகளுக்குக் கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும், சூரத்திலிருந்து ஜரிகையும் வருகின்றன. நெய்த சேலைகளும் விளைந்த நெல்லும் வெளியூர் செல்கின்றன. சரக்கு நம் கையை விட்டு அகன்ற பின் நமக்குச் சாட்சியாக நிற்பவை காகிதங்களே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வெளி மாநில வியாபாரிக்கு அச்சங்கம் அனுப்பிய சேலைக் கட்டு ஒன்று வழியில் மழையில் நனைந்து பாழாயிற்று. மதிப்பு 1,20,000 ரூபாய். லாரிக் கூலி 300 ரூபாய். லாரிக் கம்பெனி தர முன்வந்ததோ 3,000 ரூபாய். மதிப்பைச் சரியாகத்தானே எழுதினோம் என்று காரியதரிசி வருந்தினார். ஆனால் சட்டம் கம்பெனியின் பக்கமே இருந்தது. அவ்வாண்டு அங்கத்தினர்களின் போனஸ் குறைந்தது.

காரணம் யாது? 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் அமலில் உள்ளது. அதன் விதிகளின்படி, சரக்கு சேதமானால் லாரிக் கம்பெனியின் பொறுப்பு, கூலியைப் போல் பத்து மடங்கு வரையில்தான். நெல் கனமானது, கூலியும் அதற்கேற்ப மிகும். பட்டோ எடையில் சிறிது, விலையில் பெரிது. ஆகவே இவ்வரம்பு நெசவாளரையே அதிகம் பாதிக்கிறது. இதற்குப் பரிகாரம் அச்சட்டத்திலேயே உண்டு. மதிப்பை எழுதுவதோடு நில்லாமல், அதிகப் பொறுப்புக்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்தினால் இவ்வரம்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. தனியே இன்ஷூரன்ஸ் செய்வதும் நன்று.

இனி, காகிதங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. அனுப்புகைச் சீட்டு: அனுப்புபவர் எழுதித் தருவது. சரக்கின் விவரம், எடை, மதிப்பு ஆகியவை இதில் இருக்கும். இதில் தவறு நேர்ந்தால் பொறுப்பு நம்முடையதே. ‘துணிக் கட்டு’ என்று எழுதாமல் ‘பட்டுச் சேலை, இத்தனை உருப்படி’ என்று எழுதுக.

2. லாரி ரசீது: கம்பெனி சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. மூலப் பிரதி அனுப்புபவருக்கு உரியது. அதைக் கேட்டுப் பெறுக.

3. விலைப்பட்டியல்: மூன்று பிரதிகள் வேண்டும். முதலாவது வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது சங்கத்துக்கு.

4. இ-வே பில்: 2018 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவாக, மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழகத்துக்குள் செல்வதன் மதிப்பு 1 லட்சத்துக்கு மேலும் இருந்தால் இது தேவை. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இது செல்லும்.

ரயிலில் அனுப்பினால் ரயில்வே ரசீதும், கப்பலில் அனுப்பினால் ‘பில் ஆஃப் லேடிங்’ என்னும் கப்பல் ரசீதும் கிடைக்கும். இவை வெறும் அத்தாட்சி மட்டுமல்ல. இவற்றை ஒப்படைப்பதன் மூலம் சரக்கின் உரிமையே கைமாறக்கூடும். ஆதலால் பணத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இவற்றை வாங்குபவருக்கு அனுப்பலாகாது.

சரக்கைப் பெறுபவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். நூல் மூட்டை வந்ததும் எடை பார்த்து, கட்டு நனைந்தோ பிரிந்தோ இருப்பின் அதை டெலிவரி ரசீதில் எழுதிய பின்பே கையொப்பமிடுக. லாரியில் வந்த சரக்கு குறைந்தாலோ சேதமானாலோ, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் சேர வேண்டும். தவறினால் வழக்குத் தொடரும் உரிமையையே இழப்போம். வாய்ப்பேச்சும் தொலைபேசியும் நோட்டீஸ் ஆகமாட்டா.

ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும், பட்டுச் சரக்கைக் கூடுதல் கட்டணமோ இன்ஷூரன்ஸோ இன்றி அனுப்புவதில்லை என்று தீர்மானிப்பது நலம். அத்தீர்மானம் நிறைவேறியதா என்று பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் தயங்காது கேட்க வேண்டும்.